கிட்டங்கியில் ஒளிந்திருக்கும் பூசணம்: பரிசோதனை எதற்கு, எப்போது?

கண்ணுக்குத் தெரியும் பூசணத்தைப் பற்றி நம் வணிகர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சாக்கைப் பிரித்ததும் எழும் மக்கல் வாடை, ஏலக்காயின் மேல் படிந்த சாம்பல் பூப்பு, கொப்பரையின் உட்புறத்தில் படர்ந்த பச்சை, இவற்றை ஒரே பார்வையில் கண்டு விலையைக் குறைத்துப் பேசத் தெரியாதவர் கம்பத்தில் கடை நடத்த முடியாது. கவலையெல்லாம் கண்ணுக்குத் தெரியாததைப் பற்றித்தான்.

நம் பள்ளத்தாக்குக்கு ஆண்டில் இரண்டு முறை ஈரம். ஆனி, ஆடியில் மேற்கு மலையைத் தாண்டி வரும் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடித்துப் பெய்யும் வடகிழக்குப் பருவமழை. மலையிலிருந்து ஏலமும் மிளகும் காப்பியும் இறங்குகின்றன. கீழிருந்து கடலையும் வத்தலும் மக்காச்சோளமும் ஏறுகின்றன. முன்னால் கடை, பின்னால் கிட்டங்கி, மாடியில் குடியிருப்பு என்பது பாதிப் பேருக்கு வழக்கம். ஆகவே பூசணம் என்றால் நமக்கு இரண்டு கேள்விகள்: சுவரில் இருப்பதா, சரக்கில் இருப்பதா? இரண்டுக்கும் பரிசோதனை உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒன்றில் பணம் வீணாகலாம், மற்றதில் பணத்தை மிச்சம் பிடிப்பதே ஆபத்து.

சுவரும் காற்றும்

வீட்டுக்குள் மறைந்திருக்கும் பூசணத்தைக் கண்டுபிடித்துத் தருவது அமெரிக்காவில் ஒரு பெரிய தொழில். 2001-ல் டெக்சாஸ் மாநிலத்தில், தண்ணீர்க் கசிவால் வீடு முழுக்கப் பூசணம் பிடித்த ஒரு குடும்பத்துக்கு, இன்சூரன்ஸ் நிறுவனம் 3 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். மேல்முறையீட்டில் அந்தத் தொகை வெகுவாகக் குறைந்தது என்றாலும், அந்த வழக்குக்குப் பின் பூசணம் என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டுக்காரர்கள் நடுங்கினார்கள், பரிசோதனைக்காரர்கள் பெருகினார்கள். நம் பெருநகரங்களிலும் இப்போது சிலர் இதைச் செய்கிறார்கள்.

அவர்கள் செய்வது இதுதான். ஒரு சிறு பம்பு மூலம் அறைக் காற்றை இழுத்து, அதில் உள்ள பூசண வித்துகளை ஒரு பசைத் தகட்டில் பிடித்து, நுண்ணோக்கியில் எண்ணிச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பூசண வித்து இல்லாத காற்று உலகத்தில் கிடையாது. வயலும் தோப்பும் சூழ்ந்த நம் ஊரில் தெருக் காற்றிலேயே ஏராளம். எனவே அதே நாளில், அதே நேரத்தில் வெளிக் காற்றையும் பிடித்து ஒப்பிடாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இத்தனை வித்துக்கு மேல் போனால் கெடுதல் என்று அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் துறையும் வரம்பு வகுக்கவில்லை; 2009-ல் வீட்டு ஈரம், பூசணம் பற்றி வழிகாட்டி வெளியிட்ட உலக சுகாதார நிறுவனமும் வகுக்கவில்லை. பூசணம் கண்ணுக்குத் தெரிந்தால் பெரும்பாலும் பரிசோதனையே தேவையில்லை, ஈரத்தை நிறுத்திச் சுத்தம் செய்யுங்கள் என்பதே அந்த அமெரிக்கத் துறையின் யோசனை.

அந்த யோசனை நமக்கும் பொருந்தும். மறைந்த பூசணம் எங்கே இருக்கும் என்பது ரகசியமல்ல. சாரல் அடிக்கும் மேற்குச் சுவரை ஒட்டிப் போட்ட பீரோவின் முதுகுப்புறம், கணக்கு நோட்டுகள் அடுக்கிய மர அலமாரி, குளியலறைக்கு மறுபக்கச் சுவர், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே உள்ள கூரை. வாடை வருகிறது, இடம் தெரியவில்லை என்றால் முழங்கை நீளச் சதுரமாக ஒரு பாலிதீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: குழாய்க் கசிவு, விரிசல் அல்லது அஸ்திவார ஈரம். வெளிப்பக்கம் கோத்திருந்தால் அறையில் காற்றோட்டம் இல்லை. செலவு சில ரூபாய்.

வீட்டில் யாருக்காவது இழுப்பும் இருமலும் தீராமல் தொடர்ந்து, எவ்வளவு தேடியும் ஈரத்தின் மூலம் பிடிபடவில்லை என்றாலோ, கட்டிடக்காரருடன் வழக்கு என்று வந்தாலோ, தொழில்முறைப் பரிசோதனைக்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. அப்போதும் ஒன்று பார்க்க வேண்டும்: பரிசோதிப்பவரும், சுத்தம் செய்து தரும் ஒப்பந்தக்காரரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. தராசும் சரக்கும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

சரக்கில் இருப்பது

சரக்கின் கதை வேறு. இங்கே வரம்பு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, உயிரும் இருக்கிறது.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. காரணம் தெரியாமல் திகைத்தவர்கள் கடைசியில் தீவனத்தைப் பார்த்தார்கள். பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு. அதில் வளர்ந்திருந்த பூசணத்தின் பெயர் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். அது சுரந்த நஞ்சுக்கு அந்தப் பெயரின் எழுத்துகளைச் சேர்த்தே அஃப்ளாடாக்சின் என்று பெயர் வந்தது. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

வான்கோழி கதை தூரத்துக் கதை என்று தள்ளிவிடலாம். 1974-ல் நடந்தது நம் நாட்டில். குஜராத்தின் பஞ்சமகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாடா என்ற அடுத்தடுத்த இரண்டு மாவட்டங்கள். மக்காச்சோளமே அன்றாட உணவாக இருந்த ஏழைப் பழங்குடிக் குடும்பங்கள். காலம் தவறிப் பெய்த மழையில் கதிர் நனைந்தது. நனைந்ததை வீட்டில் அடைத்து வைத்தார்கள். பூத்ததை அறிந்தும், வேறு தானியம் வாங்க வழியில்லாமல் அரைத்துத் தின்றார்கள். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோத்தல். ஊர் நாய்களும் அதே போலச் செத்தன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரி, ரமேஷ் பட் ஆகியோர் நேரில் ஆராய்ந்து 1975-ல் வெளியிட்ட கணக்குப்படி நோயுற்றவர்கள் 397 பேர், இறந்தவர்கள் 106 பேர். அந்தச் சோளத்தில் கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை நஞ்சு இருந்தது. இன்று தானியத்துக்கு நம் சட்டம் அனுமதிப்பது கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அதாவது அங்கே இருந்தது நானூறு முதல் ஆயிரம் மடங்கு. 2004-ல் கென்யாவிலும் இதே மக்காச்சோளம், இதே நஞ்சு. 125 பேர் இறந்தார்கள்.

இது தெரிந்தும் நம் மண்டிகளில் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "அண்ணாச்சி, லேசாத்தான் பூத்திருக்கு. ரெண்டு வெயில் காட்டி, நல்ல சரக்கோட கலந்து விட்டா ஒண்ணும் தெரியாது." வெயில் ஈரத்தை எடுக்கும், மேல் பூப்பை உதிர்க்கும், உள்ளே ஊறிய நஞ்சை முழுதாகப் போக்காது. வறுத்தால் ஓரளவு குறையும், அவ்வளவே. அடுப்பில் வேக வைக்கும் சூட்டுக்கு அது அழியாது. கலப்பதோ, ஒரு சிப்பத்தின் குற்றத்தை ஐம்பது சிப்பத்துக்குப் பங்கு போடுவது. செக்கில் ஆட்டினால் நஞ்சில் பெரும்பங்கு பிண்ணாக்கில் தங்கிவிடும். பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் அது வேறு உருவில் வெளிவரும். அதற்கும் சட்டத்தில் வரம்பு உண்டு: பாலில் கிலோவுக்கு அரை மைக்ரோகிராம்.

மற்ற வரம்புகளையும் குறித்துக்கொள்ளலாம். பருப்பு வகைக்கு 15 மைக்ரோகிராம். கடலை போன்றவை மேற்கொண்டு பக்குவப்படுத்தப் போவதானால் 15, அப்படியே தின்னும் நிலையில் விற்றால் 10. வத்தல், மிளகு முதலிய நறுமணப் பொருள்களுக்கு மொத்தம் 30. ஐரோப்பிய நாடுகளுக்கு வத்தல் போக வேண்டுமானால் 10 தான். ஏற்றுமதியாளர் சாம்பிளை வாங்கிப் பார்த்து முகம் சுளிப்பதன் காரணம் இதுவே. 15 மைக்ரோகிராம் எவ்வளவு என்று மனக்கணக்குப் போடுங்கள்: பத்து டன் லோடு முழுவதிலும் சேர்த்து 150 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு!

பிடி சாம்பிள் பயன்படாது

இவ்வளவு சிறிய அளவு என்பதால்தான் பரிசோதனையில் கோளாறு வருகிறது. நஞ்சு மூட்டை முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான கடலையில் சொத்தை விழுந்த ஒன்றிரண்டில் மட்டும் மிக அதிகமாக இருக்கும். வாய்ப்பக்கம் கைவிட்டு எடுத்த பிடி சாம்பிளில் அந்தக் கடலை வந்தால் நல்ல லோடும் கெட்டதாகும். வராவிட்டால் கெட்ட லோடும் தேறிவிடும். அதனால்தான் கடலை லோடுக்கு உலக வணிகத்தில் நூறு இடங்களில் இருநூறு இருநூறு கிராமாக மொத்தம் 20 கிலோ எடுத்து, அனைத்தையும் அரைத்துக் கலந்து, அதிலிருந்து சோதனைக்கு எடுக்கிறார்கள். சிறு வியாபாரி இதை அப்படியே செய்ய முடியாது. ஆனால் அட்டியின் மேல், நடு, அடி, சுவரோரம் என்று எல்லா இடத்துச் சிப்பங்களிலும் ஊசி குத்தி எடுக்கலாம். சுவரோரச் சிப்பத்தை விட்டுவிட்டு எடுத்த சாம்பிளைக் கொண்டு ஆய்வகத்துக்குப் பணம் கட்டுவதில் பிரயோஜனமில்லை.

மக்காச்சோளத்தை உடைத்து, இருட்டறையில் புற ஊதா விளக்கில் காட்டினால் பளிச்சென்று பச்சை மஞ்சளாக ஒளிரும் துண்டுகள் சந்தேகத்துக்குரியவை. இது அடையாளம் மட்டுமே, அளவு சொல்லாது. பட்டைச் சோதனை என்று வருவது, அரைத்த மாவை ஆல்கஹாலில் கரைத்து ஒரு தாள் பட்டையில் விட்டு அரை மணிக்குள் வரம்புக்கு மேலா கீழா என்று சொல்லிவிடும். லோடை இறக்குவதா திருப்புவதா என்று முடிவெடுக்க இது போதும். ஐந்தாறு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு ஈரமானியும் இந்தப் பட்டைகளும் வாங்கி வைப்பது நல்ல முதலீடு. ஆனால் எழுத்தில் செல்லும் அறிக்கை வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கே போக வேண்டும். நறுமணப் பொருள்களுக்கு வாரியத்தின் ஆய்வகங்கள் கொச்சியிலும் சென்னையிலும் தூத்துக்குடியிலும் உள்ளன. அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் மதுரையில் இருக்கிறது.

அதிகாரி வந்து சாம்பிள் எடுக்கும்போது நமக்குள்ள உரிமை பலருக்குத் தெரிவதில்லை. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் 47-வது பிரிவுப்படி சாம்பிளை நான்கு பாகமாக்கி முத்திரையிட வேண்டும். ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி வணிகர் கேட்கலாம். அங்கேயே, அப்போதே கேட்க வேண்டும். இரண்டு அறிக்கையும் முரண்பட்டால் மேல்நிலை ஆய்வகம் சொல்வதே முடிவு. 26-வது பிரிவுப்படி, நமக்குச் சரக்கு விற்றவர் கொடுத்த பில்லே தரத்துக்கான உத்தரவாதமாகக் கருதப்படும். துண்டுச் சீட்டில் கணக்கு எழுதி, பில் இல்லாமல் சரக்கு இறக்குகிறவர் இந்தப் பாதுகாப்பைத் தானே கைவிடுகிறார்.

பரிசோதனைக்கு முன்பே பாதி வேலையை ஈரம் பார்த்துவிடுகிறது. உரித்த கடலையில் 7 சதவீதத்துக்கும், கொப்பரையில் 6 சதவீதத்துக்கும், மக்காச்சோளத்தில் 13 சதவீதத்துக்கும், வத்தலில் 10, 11 சதவீதத்துக்கும் மேல் ஈரம் இருந்தால் அட்டி போட வேண்டாம். ஈரமானி இல்லாத இடத்தில், காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி மக்காச்சோளமும் உலர்ந்த பொடி உப்பும் போட்டுக் குலுக்கிச் சற்று நேரம் வையுங்கள். உப்பு பாட்டிலின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். தரைக்கும் சிப்பத்துக்கும் இடையே மரக்கட்டை, சுவருக்கும் அட்டிக்கும் இடையே ஆள் நடக்கும் இடைவெளி: இவை பெரியவர்கள் செய்துவந்தவையே. இடம் போதவில்லை என்று நாம்தான் விட்டுவிட்டோம்.

ஆய்வகத்துக்குச் சாம்பிள் அனுப்பும்போது பாலிதீன் பையில் கட்ட வேண்டாம். ஈரம் அடைபட்டு வழியிலேயே பூசணம் வளரும். போய்ச் சேர்வது நம் கிட்டங்கியின் நிலையாக இராது. காகிதப் பை அல்லது துணிப் பையில் போட்டு, சரக்கு வந்த தேதி, பில் எண், எத்தனை சிப்பத்திலிருந்து எடுத்தது என்பதை எழுதி ஒட்டுங்கள். அதே சாம்பிளில் இன்னொரு பங்கை, விற்றவரின் ஆளும் நாமும் கையெழுத்திட்டு, கடையில் காய்ந்த இடத்தில் வைத்திருங்கள்.