பழைய ஃபெல்ட் தொப்பிகள்: அறிதலும் பேணலும்

நம் கல்லூரி மண்டபச் சுவரிலே தொங்கும் பழைய குழுப்படங்களை உற்று நோக்கிய அன்பர்கள் ஒன்றைக் கண்டிருப்பர். முன்வரிசையில் வீற்றிருக்கும் ஆசிரியப் பெருமக்களுள் ஒருவர் தலைப்பாகை தரித்திருப்பார். ஒருவர் குஞ்சந் தொங்கும் துருக்கித் தொப்பி அணிந்திருப்பார். இன்னொருவர் வெறுந் தலையராய் அமர்ந்து, முழங்காலின்மேல் ஃபெல்ட் தொப்பியொன்றைக் கவிழ்த்து வைத்திருப்பார். அவர்கள் மறைந்தனர். அத் தொப்பிகளிற் சில இன்னும் நம் வீடுகளிலே, பரண்மேலும் தகரப் பெட்டியுள்ளும், கிடக்கின்றன. அவை எவை, எக்காலத்தன, எவ்வாறு காக்கப்பெற வேண்டுவன என்பதைப் பற்றிச் சிறிது கூறவே இக்கட்டுரை எழுந்தது.

எழுதும் தகுதி எனக்கு எவ்வாறு வந்தது என்று கேட்பீராயின், ஒரு தொப்பியைக் கெடுத்ததனால் வந்தது. யான் இங்கு மாணவனாயிருந்தபோது, என் பாட்டனாரின் சாம்பல் நிறத் தொப்பி அழுக்கடைந்திருக்கக் கண்டு, அவரை மகிழ்விக்க எண்ணிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கொதிநீரில் ஊறவிட்டுச் சவர்க்காரமிட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். மாலையில் அது என் தம்பியின் தலைக்கும் சிறிதாகிவிட்டது. பாட்டனார் ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பின் முளையிலே மாட்டிவிட்டார். அதன்பின் அவர் தொப்பி அணிந்ததை யான் கண்டதில்லை.

அது ஏன் சுருங்கிற்று என்பதை அறிந்தால் ஃபெல்ட் இன்னதென்பது விளங்கிவிடும். ஃபெல்ட் நெய்யப்பட்ட துணியன்று. விலங்கு உரோமத்தின் ஒவ்வோர் இழையிலும் மிக நுண்ணிய செதில்கள் உள. வெப்பமும் ஈரமும் அழுத்தமும் ஒருங்கு சேரும்போது அச்செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. இழைகள் நெருங்கி இறுகி ஒரே தகடாகின்றன. இதுவே ஃபெல்ட் செய்யும் முறை. கொதிநீரும் சவர்க்காரமும் தேய்ப்பும் கொண்டு யான் கிணற்றடியிற் செய்தது தொழிற்சாலை வேலையையே மேலும் தொடர்ந்ததாகும்! கவ்வியவை மீள விடா.

கையிலுள்ளது ஃபெல்ட்தானா என்பதை முதலிற் காண்க. காக்கித் துணி போர்த்து, விரலாற் சுண்டினால் ‘டொக்’கென ஒலித்து, எடுத்தால் பஞ்சுபோற் கனமற்றிருப்பது சோலாத் தொப்பி, அது நெட்டியினாற் செய்யப்பட்டது. ஃபெல்ட் தொப்பியிலும் இருவகை உண்டு. முயல், பீவர் முதலியவற்றின் மென்மயிரினாலானது உயர்ந்த வகை. அது வழுவழுப்பாய், மெல்லியதாய் இருப்பினும், அமுக்கி விட்டால் மீண்டெழும். மழைத்துளி அதன்மேல் முத்தாக உருளும். ஆட்டுக் கம்பளியாலானது தடித்துச் சற்றே சொரசொரப்பாயிருக்கும். நனைந்தால் விளிம்பு தொய்ந்துவிடும். சிலர் ஒரு மயிரைக் கொளுத்தி மணம் பார்ப்பர். இரண்டும் மயிரே ஆதலின் இரண்டும் ஒரே நாற்றந்தான் நாறும். தொப்பியில் ஓட்டை விழுவதே மிச்சம்.

மலைநாட்டுத் தோட்டத்துரைமார் விரும்பிய ‘தெராய்’ என்பது ஒன்றனுள் ஒன்றாக இரு ஃபெல்ட் தொப்பிகளைப் பொருத்தி வெயிலைத் தடுப்பது. உச்சி நெடுகப் பள்ளமிட்டு, விளிம்பு முழுதும் மேல்நோக்கிச் சுருண்டது ஹொம்பேர்க். விளிம்பை விரும்பியவாறு மடிக்கத் தக்கது ஃபெடோரா. அதனிற் குறுகிய விளிம்புடையது ட்ரில்பி. இப்பெயர் இரண்டும் நாடக மேடையிலிருந்து வந்தவை. முன்னது 1882 ஆம் ஆண்டு நாடகம், பின்னது 1895 ஆம் ஆண்டினது. சில தொப்பிகளின் நாடாவைச் சுற்றி ஒரு மெல்லிய கயிறும் அதன் நுனியிலே சிறு பொத்தானும் காணப்படும். இது யாதென்று பலர் வினவுவர். காற்றடிக்கும்போது அப்பொத்தானைக் கோட்டின் பொத்தான் துளையில் மாட்டிக்கொள்வர். 1924 இல் திறக்கப்பெற்ற கல்லடிப் பாலத்தைக் கச்சான் காற்று வீசுகையிற் சைக்கிளிற் கடந்தவர்க்கு இதன் அருமை கூறவேண்டுவதில்லை.

இனித் துருக்கித் தொப்பி. இதனையும் ஃபெல்ட் தொப்பியென்று பலர் எண்ணுவதில்லை. ஆனால் நல்ல துருக்கித் தொப்பி கம்பளி நூலாற் பின்னி, பின் இறுக்கி ஃபெல்ட் ஆக்கப்பட்டதே. ஆகவே அதிலே தையல் இராது. பக்கத்திலே பொருத்துத் தையலும் உச்சியில் வட்டமாய் வெட்டித் தைத்த துண்டும் இருப்பின் அது பிற்காலத்து மலிவான ஆக்கம். மொறோக்கோவின் ஃபெஸ் நகரின் பெயர் பூண்ட இதனைத் துருக்கிச் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1820களிற் படைவீரர்க்கும் அலுவலர்க்கும் உரியதாக்கினார். நூறாண்டு செல்லுமுன், 1925 இல், துருக்கிக் குடியரசே அதனைச் சட்டத்தால் விலக்கிற்று. எகிப்தின் அராபி பாஷா 1883 இல் நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்தபின் நம் முஸ்லிம் மக்களிடையே இது பெருவழக்காயிற்று என்பர்.

இத்தொப்பியின் பொருட்டு நம் நாட்டிலே ஒரு கிளர்ச்சியே நிகழ்ந்தது. 1905 இல் அத்துவக்காத்து எம். சி. அப்துல் காதர் அவர்கள் துருக்கித் தொப்பியுடன் உயர் நீதிமன்றில் தோன்றியபோது, பிரதம நீதியரசர் லேயாட் அதனை ஒப்பவில்லை. ஐரோப்பியர்க்குத் தலை திறத்தல் மரியாதை. முஸ்லிம்களுக்குத் தலை மூடல் மரியாதை. இலங்கை முஸ்லிம்கள் அவ்வாண்டின் முடிவிலே மருதானையிற் பெருங்கூட்டங் கூடி முறையிட்டு, ஈற்றில் அவ்வுரிமையைப் பெற்றனர். அதே காலத்திலேதான் ஆனந்த குமாரசுவாமி அவர்களும் மேனாட்டு உடையைக் கண்மூடிப் பின்பற்றுதலைக் கண்டித்து எழுதிவந்தார். ஒரு தொப்பியை அணிவதா கழற்றுவதா என்பது அன்று சிறு வினாவாய் இருந்ததில்லை.

காலத்தைக் கணிப்பதற்குத் தொப்பியின் உள்ளே நோக்குக. வியர்வையை ஏற்கும் தோற்பட்டியை மெல்ல வெளியே திருப்பினால், அதன் பின்னே அளவுச் சீட்டு ஒட்டியிருக்கக் காணலாம். 6⅞ என்பது ஆங்கிலேய அளவாயின் அமெரிக்க அளவில் 7 ஆகும். ஐரோப்பியர் 56 என்று சென்ரிமீற்றரிற் குறிப்பர். எனவே அளவு எழுதிய முறையே பிறந்த நாட்டை உரைக்கும். உள்துணியிற் பொறித்த நிறுவனப் பெயர் ஓர் எல்லையைத் தரும்: கிறிஸ்ரி 1773, போர்சலீனோ 1857, ஸ்ரெற்சன் 1865 இல் தோன்றியவை. ஆயின் இவை தொடக்க ஆண்டுகளேயன்றித் தொப்பியின் ஆண்டுகள் அல்ல. தம் பாட்டனார் தொப்பி 1857 இல் ஆனதென்று ஓர் அன்பர் வாதிட்டதைக் கேட்டிருக்கிறேன். அரச முத்திரையின் கீழ் ‘மன்னர்க்கு’ என்றிருப்பின் பெரும்பாலும் 1952 க்கு முற்பட்டது. ‘அரசியார்க்கு’ என்றிருப்பின் பெரும்பாலும் பிற்பட்டது. அகன்ற விளிம்பும் அகன்ற நாடாவும் 1930, 40களின் வழக்கு. 1960களில் இரண்டும் ஒடுங்கின. ஒரு சான்றை மட்டும் நம்பற்க. நாடாவும் தோற்பட்டியும் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம்.

பேணுமுன் ஓர் எச்சரிக்கை. மயிரை ஃபெல்ட் ஆக்குவதற்கு முற்காலத்தில் இரசங் கலந்த மருந்தைப் பூசினர். அதன் ஆவியால் தொப்பித் தொழிலாளர் பலர் கைநடுங்கி, மனந்தடுமாறி நலிந்தனர். அமெரிக்காவில் 1941 இல் இது நிறுத்தப்பட்டது. பழைய தொப்பிகளில் அதன் எச்சம் இன்றும் இருத்தல் கூடும். ஆதலின் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, வெளிமுற்றத்திலே வைத்துத் துப்புரவு செய்க. சிறுவர் விளையாடக் கொடாதீர்.

நம் வாவிக்கரைக் காற்றே தொப்பிக்கு முதற் பகை. வாடைக்கால மழையிற் பூஞ்சணம் பிடிக்கும். கச்சானிலே தோற்பட்டி காய்ந்து வெடிக்கும். அந்துப்பூச்சி எக்காலத்தும் வரும். பூஞ்சணம் கண்டால் ஈரத்தோடு துடையாது, நிழலிலே காற்றாட உலர்த்தி, பின் மென்மயிர்த் தூரிகையால் மயிர் படிந்த திசையிலே துடைக்க. பூச்சி அரித்ததாயின், பொலித்தீன் பையிலிட்டுக் காற்றுப் புகாது மூடி, உறைகுளிர்ப் பெட்டியில் இரு கிழமை வைத்தெடுத்தால் முட்டைகளும் அழியும். பையைத் திறக்குமுன் ஒரு நாள் வெளியே வைத்திருத்தல் வேண்டும். விளிம்பு கோணியிருப்பின் கேத்தலின் ஆவியிற் சிறிது தூரத்தே காட்டிக் கையால் நேர்செய்யலாம். தோற்பட்டியில் ஆவி படலாகாது, படின் சுருங்கிக் கிழியும். உச்சியைக் கிள்ளித் தூக்காதீர். அங்கேதான் முதலில் வெடிப்பு விழும். விளிம்பின்மேல் நிறுத்தாது மல்லாத்தி வைக்க. துருக்கித் தொப்பிக்கு உள்ளே தாள் சுருட்டித் திணித்து, குஞ்சத்தை மெல்லிய தாளிற் சுற்றிவிடுக; அதன் செஞ்சாயம் வெயிலில் வெளிறும். வேப்பிலை போடும் வழக்கம் நல்லதே, ஆயினும் பச்சையிலை கறைப்படுத்தும். துணியில் முடிந்து வைக்க.

சென்ற ஆண்டிலே, என்னோடு இங்கு ஒரே வாங்கிலிருந்து படித்த காத்தான்குடி நண்பர் தம் தந்தையாரின் துருக்கித் தொப்பியை என்னிடம் கொண்டுவந்தார். 1978 நவம்பர்ச் சூறாவளியில் வீட்டுக்கூரை பறந்தபோதும் கட்டிலின் கீழிருந்த தகரப் பெட்டி தப்பியதாம். பின்வந்த ஆண்டுகளில் அவரும் யானும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவியலாத காலமும் இருந்தது. தொப்பியைத் திருப்பினோம், தையல் இல்லை, உள்ளே செக்கோசிலோவாக்கியா என்று பொறித்திருந்தது. பொஹீமியாவின் ஸ்ட்ரக்கோனிற்சே நகர் துருக்கித் தொப்பிக்குப் பேர்போனது. 1918 வரை அது ஒஸ்திரியப் பேரரசிற்கு உட்பட்டிருந்தது. எனவே தொப்பி அதன் பின்னர்ச் செய்யப்பட்டதென்றேன். “வாப்பா கலியாணம் முடிச்சது முப்பத்துநாலிலே, மாப்பிள்ளைத் தொப்பி இதுதான் எண்டு உம்மா சொல்லுவா” என்றார் அவர். பெட்டியின் மூடியுள்ளே ஒரு துண்டுத் தாளில் தந்தையார் பெயரையும் 1934 என்ற ஆண்டையும் பென்சிலால் எழுதி வைத்தோம்; மை பரவும்.