மலை போட்ட மூடாக்கு

மாசி மாதம் ஒரு மத்தியானம், வாழைக்கு மூடாக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வயல்காரர் வரப்பில் வந்து நின்றார்.

"என்ன சார், ஊர்ச் சருகெல்லாம் கூட்டி வயல்ல கொட்டுதிய?"

சருகை விலக்கி மண்ணில் கை வைக்கச் சொன்னேன். மேலே அனல், உள்ளே ஈரம். தண்ணீர் பாய்ச்சி பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. "இது என் வித்தை இல்ல அண்ணாச்சி, அங்க பாத்துப் படிச்சது" என்று மேற்கே காட்டினேன். பொதிகை நீலமாகத் தெரிந்தது.

பாளையங்கோட்டையில் வருசத்துக்கு 700 மில்லிமீட்டர் வாக்கில்தான் மழை. மேலே கக்காச்சி, நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் 3,000-ஐத் தாண்டும். தாமிரபரணிக்குப் பனிமலை கிடையாது. தென்மேற்கும் வடகிழக்கும் கொட்டுவதை வாங்கி வைத்து, மெதுவாக விடுவது காடுதான். அங்கே யாரும் உழுவதில்லை, உரம் போடுவதில்லை. இலை விழுகிறது, மட்குகிறது, மேலே இன்னொரு இலை விழுகிறது. மழைத்துளி நேராக மண்ணில் அடிக்காமல் இலையில் பட்டு, வேர் விட்ட துளை வழியே கீழே இறங்குகிறது. மழை நின்ற பிறகும் ஓடைகள் ஓடுவது அதனால்தான். அந்தத் தண்ணீர்தான் பாபநாசம் அணைக்கு வந்து, எட்டு அணைக்கட்டுகள் வழியாகச் சுமார் 86,000 ஏக்கருக்குப் பாய்கிறது. நமக்குக் காரும் பிசானமும் அதை நம்பித்தான்.

காடு இருந்தால் வெள்ளமே வராது என்று சொல்ல மாட்டேன். 1992 நவம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்தவர்கள் நாம். ஆனால் அந்த மலை மொட்டையாக இருந்திருந்தால் தண்ணீரோடு மண்ணும் சேர்ந்து வந்து அணையை நிரப்பியிருக்கும்.

முண்டந்துறை 1962-ல் சரணாலயம் ஆனது. சிங்கவால் குரங்குக்காக 1976-ல் களக்காடு. வெடிப்பலா மரங்களை அண்டி வாழும் பிராணி அது, சோலையை விட்டு வெளியே வந்தால் பிழைப்பது கடினம். 1988-ல் இரண்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக்கினார்கள். 2016-ல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

நான் வங்கியில் இருந்தபோது எத்தனையோ நிலத்துக்கு மதிப்புப் போட்டிருக்கிறேன். ரோட்டோரமா, கிணறு உண்டா, பட்டா யார் பேரில் என்றெல்லாம் பார்ப்போம். அந்தக் கிணற்றுக்கு ஊற்று எங்கிருந்து வருகிறது என்று ஒரு பாரத்திலும் கட்டம் கிடையாது. அடிவாரத்தில் விறகுக்கட்டு சுமந்த ஒரு அம்மா ஆடு வாங்கக் கடன் கேட்டு வந்தார். ஈடு இல்லை என்று திருப்பி அனுப்பினேன். மறுநாளும் அவர் காட்டுக்குத்தான் போயிருப்பார். 90-களில் வனத்துறை கிராம வனக்குழுக்கள் அமைத்து, அதே மாதிரி ஆட்களுக்குச் சிறுகடன் கொடுத்தது. காட்டிலிருந்து வரும் விறகுச் சுமை நன்றாகக் குறைந்தது. நாங்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது.

இப்போது மாஞ்சோலை. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருசக் குத்தகைக்கு விட்ட 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட காடு, 2028-ல் குத்தகை முடிகிறது. 2024-லேயே கம்பெனி வேலையை நிறுத்திவிட்டது. நாலு தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்களுக்கு வீடும் பிழைப்பும் கொடுக்காமல் மலையைக் காப்பாற்றிவிட்டோம் என்று பேசுவது எனக்குச் சம்மதமில்லை. அதேபோல, தேயிலை கிடந்த இடம் தானாகச் சோலையாகும் என்று விட்டுவிடவும் முடியாது. அந்த மண்ணின் மரங்களை நட்டு, களையை எடுத்து, பல வருசம் பார்க்க வேண்டிய வேலை. அதைச் செய்ய அந்தத் தோட்டத்து மக்களைவிட மலையை அறிந்த கை வேறு எங்கே கிடைக்கும்?

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறக்க ஒவ்வொரு வருசமும் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கிறோம். மாஞ்சோலையைப் பற்றி நம் கால்வாய் விவசாயிகள் ஒரு மனுகூடக் கொடுத்ததில்லை. அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்து வரப்பில் நின்ற அந்த அண்ணாச்சியுடையது.