கட்டி போயிடுச்சு... மாத்திரையை விட்டுடாதீங்க!

மூளைக்கட்டி வந்த குழந்தைகளைத் துரத்தும் ஹார்மோன் கோளாறு

சென்னை, கல்மண்டபம்:-

"புள்ளைக்கு மூளையில கட்டியாம்!"

கல்மண்டபம் பக்கம் ஒரு சந்துக்குள் இந்தச் செய்தி நுழைந்தால் போதும், சந்தே கூடிவிடும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து பிள்ளை வீடு திரும்பினால் அதே சந்து ஆரத்தி எடுக்கும். கண்டம் கழிந்தது என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஆனால் கண்டம் முழுசாகக் கழிவதில்லை என்பதுதான் விஷயம்!

கட்டி போன பிறகும் ஹார்மோன் தொல்லை பல குழந்தைகளைத் துரத்துகிறது. சிலருக்கு ஆயுள் பூராவும் மாத்திரை. அந்த மாத்திரையை ஒருநாள் விட்டால்கூட உயிருக்கு உலை வைக்கலாம்.

பட்டாணி அளவு!

மூக்குக்கு நேர் பின்னே, மூளைக்கு அடியில் ஒரு சின்ன எலும்புக் குழி. அதில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி. பிட்யூட்டரி என்று பெயர்.

துறைமுகத்தில் எந்தக் கப்பல் உள்ளே வரலாம், எது வெளியே நிற்கவேண்டும் என்று ஓர் அறையிலிருந்து உத்தரவு போகிறதல்லவா? உடம்புக்கு அந்த அறைதான் இது. பிள்ளை உயரமாக வளர, பருவம் அடைய, தைராய்டு வேலை செய்ய, ஆபத்து நேரத்தில் உடம்பு தாக்குப்பிடிக்க, எல்லாவற்றுக்கும் இங்கிருந்துதான் ஆர்டர். இதற்கும் மேலதிகாரி உண்டு. மேலே இருக்கும் ஹைபோதாலமஸ்.

இந்த இடத்தை ஒட்டி 'கிரேனியோஃபாரிஞ்சியோமா' என்ற கட்டி வருவதுண்டு. 5 வயதிலிருந்து 14 வயதுக்குள்தான் அதிகம். இது புற்றுநோய் அல்ல. உடம்பின் வேறு பாகங்களுக்குப் பரவுவதும் இல்லை. ஆனால் உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி! ஒரு பக்கம் கண் நரம்பு, இன்னொரு பக்கம் பிட்யூட்டரி. இரண்டையும் நெருக்கும்.

"இன்னாம்மா, வளரவே இல்ல?"

ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பு. சாப்பிடுகிறான், விளையாடுகிறான். ஆனால் இரண்டு வருஷமாக அதே நிஜார், அதே செருப்பு.

"இன்னாம்மா, ஒன்னாங்கிளாஸ் புள்ள மாதிரியே கீறான்?" என்று கேட்கிறாள் எதிர்வீட்டு அக்கா.

"அப்பா வழியில எல்லாரும் குள்ளம்தான்க்கா" என்று அம்மா பதில் சொல்லிவிடுகிறாள்.

இந்தப் பதிலில்தான் பல மாதம் ஓடிவிடுகிறது. நாலு வயசுக்குமேல் பருவம் வரும்வரை ஒரு பிள்ளை வருஷத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வளரவேண்டும். பென்சிலால் கதவில் கோடு போட்டுப் பாருங்கள். 4 சென்டிமீட்டர்கூட ஏறவில்லை என்றால் டாக்டரிடம் காட்டவேண்டும். வளராத பிள்ளைக்கெல்லாம் மூளையில் கட்டி என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் வேறு காரணம்தான். ஆனால் வளர்ச்சி நின்றதோடு தலைவலி, காலையில் வாந்தி, பக்கவாட்டில் வருவது தெரியாமல் இடித்துக்கொள்வது ஆகியவையும் சேர்ந்தால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொரு அறிகுறி தண்ணீர்.

பிள்ளை ராத்திரி நாலு தடவை எழுந்து செம்பு செம்பாகக் குடிக்கும். குடித்த வேகத்தில் சிறுநீர் போகும். லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து வரிசையில் நிற்கும் வீட்டில் இதற்குத் திட்டு விழாமல் என்ன செய்யும்! சர்க்கரை வியாதியோ என்று ரத்தம் பார்ப்பார்கள். சர்க்கரை சரியாக இருக்கும். இது 'டயபடிஸ் இன்சிபிடஸ்'. பெயரில் பாதி ஒன்று, வியாதி வேறு. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் வரவில்லை என்று அர்த்தம். 'டெஸ்மோபிரசின்' என்ற மருந்து கொடுத்தால் அடங்கும். மருந்தும் கொடுத்து, தண்ணீரையும் அளவில்லாமல் கொடுத்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரும் என்பதையும் தெரிந்துகொள்ளவேண்டும்.

சில கட்டிகள் நேர் எதிராகவும் வேலை காட்டும். பெண் குழந்தை 8 வயதுக்கு முன்பும், ஆண் குழந்தை 9 வயதுக்கு முன்பும் பருவத்துக்கு வரத் தொடங்கினால், 'சீக்கிரம் பெரிய மனுஷி ஆயிட்டா' என்று சந்தோஷப்படக் கூடாது. பரிசோதனை அவசியம்.

ஸ்டீராய்டா? ஐயோ!

ஆபரேஷனுக்குப் பிறகு பிட்யூட்டரி படுத்துவிட்டால், அது போட்டுவந்த உத்தரவுகளை மாத்திரை போடவேண்டும். அதில் தலையாயது 'ஹைட்ரோகார்டிசோன்'. இது ஸ்டீராய்டு வகை. விபரீதம் இங்கேதான் ஆரம்பம்!

"ஸ்டீராய்டு உடம்பைக் கெடுத்துடும், நிறுத்திடு" என்று யாராவது ஒருத்தர் புத்தி சொல்வார். சொல்கிறவருக்கு நல்ல மனசுதான். ஆனால் இந்தப் பிள்ளைக்கு அது வெளியிலிருந்து ஏற்றும் மருந்து அல்ல. மற்ற பிள்ளைகளின் உடம்பு தானே தயாரிப்பதை இவன் மாத்திரையாக விழுங்குகிறான், அவ்வளவே. திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கும், சர்க்கரை இறங்கும், மயக்கம் வரும். உயிரே போகலாம்.

காய்ச்சல் வந்தால் உடம்பு இதை அதிகம் கேட்கும். அப்போது டாக்டர் எழுதிக்கொடுத்த கணக்குப்படி இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ கொடுக்கவேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லையா? வீட்டில் கஷாயம் போட்டுக்கொண்டிருக்கும் நேரமல்ல அது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போடவேண்டும். தைராய்டு மாத்திரையும் சேர்ந்து தேவைப்பட்டால், கார்டிசோன் குறையைச் சரிசெய்த பிறகுதான் அதைத் தொடங்குவார்கள்.

ஹைபோதாலமஸ் அடிபட்ட பிள்ளைக்குப் பசி அடங்காது, எடை ஏறும். கிரேனியோஃபாரிஞ்சியோமா வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த அவதி. "தீனிப் பண்டாரம்" என்று கிண்டல் செய்கிறார்கள், பாவம். அவன் செய்த தப்பு என்ன?

வருஷம் கழித்து...

சிறுமூளையில் வரும் 'மெடுல்லோபிளாஸ்டோமா' கட்டி பிட்யூட்டரியிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தலைக்கும் முதுகெலும்புக்கும் கொடுக்கும் கதிர்வீச்சுதான் சம்பந்தம். கதிர்பட்ட பிட்யூட்டரி அன்றைக்கே படுக்காது. மெல்ல மெல்ல, சில வருஷத்தில் சுரப்பு குறையும். முதலில் குறைவது வளர்ச்சி ஹார்மோன். முதுகெலும்பும் சரியாக நீளாது. அதனால்தான் 'எல்லாம் நல்லாயிருக்கு' என்றாலும் வருஷா வருஷம் உயரம் பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.

வளர்ச்சி ஹார்மோனுக்கு ஒரு திகில் கதை உண்டு. ஒரு காலத்தில் இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்துதான் அதை எடுத்தார்கள்! அதைப் போட்டுக்கொண்ட சிலர் மூளையை அரிக்கும் கொடிய நோய் வந்து இறந்ததால் 1985-ல் அமெரிக்காவில் நிறுத்தினார்கள். அதே ஆண்டு, பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த ஹார்மோன் வந்துவிட்டது. இன்று போடுவது இந்த வகைதான். இன்சுலின் மாதிரி தோலுக்கடியில், தினம் ராத்திரி.

வியாசர்பாடி கால்பந்துப் பையன்களுக்கு மெஸ்ஸியைச் சொல்லித்தரவேண்டாம். அவருக்குக் கட்டி எதுவும் இல்லை. ஆனால் சிறுவயதில் இதே ஹார்மோன் குறைதான். இதே ஊசிதான் போட்டுக்கொண்டார். 13 வயதில் பார்சிலோனா கிளப் சேர்த்துக்கொண்டு சிகிச்சைச் செலவை ஏற்றது.

கட்டி வந்த பிள்ளைக்கு உடனே இந்த ஊசியை ஆரம்பிக்க மாட்டார்கள். கட்டி மறுபடி தலைகாட்டவில்லை என்று வழக்கமாக ஓராண்டு பார்ப்பார்கள். ஊசி மருந்தை ஃப்ரிட்ஜில்தான் வைக்கவேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் ஆகவேண்டும். விலையும் கையைக் கடிக்கும். மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையில் இந்தச் சிகிச்சையின் பெயர் இருக்கிறது. காகிதத்தில் இருப்பது கைக்கு வர நடையாய் நடக்கவேண்டியிருக்கும்.

எங்கே போவது?

கல்மண்டபத்துக்காரர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி எட்டும் தூரம். சென்ட்ரல் எதிரே ஜெனரல் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு முந்தின ஆண்டுதான் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டிலேயே முதலாவதாகத் தொடங்கியிருந்தார். அறுவைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது, "ஹார்மோன் டாக்டரை எப்போ பார்க்கணும் சார்?" என்று கேட்டு, தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

ஸ்கூலில் டீச்சரிடமும் சொல்லிவைக்கவேண்டும். தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் எழுந்தால் அதட்டாமல் விடச் சொல்லுங்கள். பையன் சட்டைப்பையில் ஓர் அட்டை இருக்கட்டும். பெயர், வியாதி, மாத்திரை அளவு, 'மயங்கி விழுந்தால் ஹைட்ரோகார்டிசோன் ஊசி' என்ற வரி, அப்பா அம்மா போன் நம்பர். தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுங்கள்.