ஓடுகிறாளா, ஓடினாளா, ஓடுவாளா?

எழுத்தைக் கண்டறிவதற்கு முன்னரே மனிதன் சித்திரம் தீட்டக் கற்றுவிட்டான். ஓடும் மானையும் அதனைத் துரத்தும் வேடனையும் பாறைகளிலே வரைந்து வைத்த கைகளே, பல்லாயிரம் ஆண்டுகளின் பின்னர் ஒலிக்கு வடிவம் கொடுத்து எழுத்தைப் படைத்தன. அத்தகைய எழுத்தெல்லாம் இன்று விரல் நுனியில் இருந்தும், மனிதன் மறுபடியும் சித்திரத்தையே நாடுகிறான். கைத்தொலைபேசியிலே செய்தி அனுப்பும்போது சொற்களுக்கு இடையிலும், சில வேளைகளில் சொற்களுக்குப் பதிலாகவும், சின்னஞ்சிறு படங்களை வைத்து அனுப்புகிறான். சிரிக்கும் முகம், கூப்பிய கைகள், செந்நிற இதயம் முதலிய இப்படங்களை அறியாத வீடு இக்காலத்தில் இல்லை என்றே கூறலாம்.

அவற்றுள் ஒன்று, ஓடுகின்ற பெண்ணின் உருவம். ஒரு காலை முன்வைத்து, மறுகாலைப் பின்னே உயர்த்தி, கைகளை மடக்கி வீசிக்கொண்டு ஓடுகிறாள் அவள். பார்வைக்கு மிக எளிய படம். ஆனால் அது சொல்லும் செய்தி எது? அவள் ஓடிக்கொண்டிருக்கிறாளா, ஓடி முடித்தாளா, இனித்தான் ஓடப்போகிறாளா? வருகிறாளா, போகிறாளா? இவ்வினாக்களுக்கு விடை தேடினால் மொழியைப் பற்றியும் மனிதரைப் பற்றியும் சில உண்மைகள் நமக்குப் புலனாகும்.

பெயரும் பிறப்பும்

இப்படங்களுக்கு வழங்கும் ‘இமோஜி’ என்னும் பெயர் யப்பானிய மொழிக்குரியது. ‘எ’ என்றால் படம். ‘மொஜி’ என்றால் எழுத்து. பட எழுத்து என்பதே அதன் பொருள். மன உணர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து இது பிறந்தது என்று பலர் எண்ணுவர். அந்த ஒலி ஒற்றுமை தற்செயலானதே.

1999 ஆம் ஆண்டில் யப்பானின் டொக்கோமோ நிறுவனத்திற்காக ஷிகேதக்கா குரித்தா என்பவர் 176 சிறு படங்களைக் கொண்ட தொகுதி ஒன்றை உருவாக்கினார். ஒவ்வொரு படமும் நீளத்திற்குப் பன்னிரண்டு, அகலத்திற்குப் பன்னிரண்டு புள்ளிகளுக்குள் அடங்கியது. அதற்கு முன்னரும் யப்பானில் இத்தகைய படங்கள் இருந்தனவெனினும், குரித்தாவின் தொகுதியே பெரும் புகழ் பெற்றது. 2016 இல் நியூயோர்க் நகரின் நவீன கலைக்கூடம் அதனைத் தன் சேகரிப்பிற் சேர்த்துக்கொண்டது.

உலக மொழிகளின் எழுத்துக்கள் யாவற்றுக்கும் கணினியில் தனித்தனி எண் வழங்கும் அமைப்பு யூனிகோட். நாம் கைத்தொலைபேசியில் எழுதும் அகர முதல எழுத்துக்களும் அதன் எண்களாலேயே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்கின்றன. 2010 இல் இப்பட எழுத்துக்கள் பலவற்றிற்கும் அவ்வமைப்பு எண் வழங்கியபோது, ‘ஓடுபவர்’ என்ற உருவமும் அட்டவணையில் இடம்பெற்றது. அவ்வெண்ணுக்கு ஆண், பெண் என்ற வரையறை எதுவும் இருக்கவில்லை. ஆயினும் பெரும்பாலான நிறுவனங்கள் அதனை ஆண் உருவாகவே வரைந்தன. ஓடும் பெண் தனக்கெனத் தெளிவான இடம் பெற மேலும் ஆறு ஆண்டுகள் சென்றன.

பகுதி, இடைநிலை, விகுதி

அவள் 2016 இல் வந்த விதம் தமிழ் மாணாக்கருக்குச் சுவை பயப்பதாகும். புதிதாக ஓர் எண்ணை அவளுக்கு வழங்கவில்லை. முன்னரே இருந்த ஓடுபவர் உருவத்தை எடுத்து, அதன் பின்னே கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியை வைத்து, அதன் பின்னே வட்டத்தின் கீழ்ச் சிலுவை தாங்கிய பெண்பாற் குறியைச் சேர்த்தனர். இம்மூன்றும் கூடி வந்தால், கைத்தொலைபேசி அவற்றை ஓடும் பெண்ணின் ஒரே படமாகக் காட்டும். பழைய கருவிகள் சிலவற்றில் இவ்விணைப்பு நிகழாது. ஓடும் உருவம் ஒருபுறமும் பெண்பாற் குறி மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கும்.

அந்த இணைப்புக் குறி படங்களுக்காகப் புதிதாய்ப் படைக்கப்பட்டதன்று. எழுத்துக்களை ஒன்றோடொன்று கூட்டுவதற்காக முன்னரே இருந்தது. சிங்களத்தில் ‘ஸ்ரீ’ என்று கணினியில் எழுதும்போது இடையில் மறைந்து நிற்பதும் அதே குறிதான். பெண்பாற் குறியோ அதனினும் மிகப் பழையது. வெள்ளிக் கிரகத்தையும், இரசவாதிகளின் ஏட்டில் செம்பையும் சுட்டிய அக்குறியைத் தாவரங்களின் பெண்பாலுக்கு வழங்கியவர் சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயஸ். அது பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்தது.

இனி, ‘ஓடினாள்’ என்னும் நம் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘ஓடு’ என்பது பகுதி. ‘இன்’ என்பது இறந்தகாலம் காட்டும் இடைநிலை. ‘ஆள்’ என்பது பெண்பாலைக் காட்டும் விகுதி. படத்தின் அமைப்பும் இதுவே அன்றோ! ஓடும் உருவம் பகுதி; இணைப்புக் குறி இடையில் நிற்பது; பெண்பாற் குறி விகுதி. தமிழ் அறியாதார் வகுத்த அமைப்பு தமிழ் வினைமுற்றின் வழியிலேயே நடப்பது வியப்புக்குரியது.

ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. நம் இடைநிலை காலத்தைக் காட்டும். ‘ஓடினாள்’, ‘ஓடுகிறாள்’, ‘ஓடுவாள்’ என்ற மூன்றையும் வேறுபடுத்துவது அதுவே. படத்தின் இடைநிலையோ வெறும் இணைப்பு. அது காலத்தைக் காட்டாது. இன்னுமொன்று, இடம். ‘ஓடுகிறேன்’ என்றால் நான்; ‘ஓடுகிறாய்’ என்றால் நீ; ‘ஓடுகிறாள்’ என்றால் அவள். படத்திலே தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற பாகுபாடு இல்லை. ‘ஓடு’ என்று ஏவுகிறதா, ‘ஓடட்டும்’ என்று வாழ்த்துகிறதா என்பதும் தெரியாது. சுருங்கக் கூறின், திணையும் பாலும் எண்ணும் அறிவிக்கும் அப்படம், இடத்தையும் காலத்தையும் படிப்பவரின் ஊகத்திற்கே விட்டுவிடுகிறது.

விகுதி பிந்தி வந்த கதை

பெண் ஏன் பிந்தி வந்தாள் என்று மாணவியர் கேட்கக்கூடும். 2016 வரை இப்பட எழுத்துக்களிலே பெண்ணுக்குரியனவாய் விளங்கியவற்றை நோக்கினால், மணமகள், இளவரசி, நடனமாடுபவள், நகத்திற்குச் சாயம் பூசும் கை ஆகியனவே முன்னிற்கும். காவலர், கட்டிடத் தொழிலாளர், ஓட்டக்காரர் ஆகியோர் ஆண் தோற்றத்துடனேயே பெரும்பாலும் காணப்பட்டனர். அவ்வாண்டு மே மாதத்தில் கூகிள் நிறுவன ஊழியர் சிலர், பல தொழில்களிலும் பெண் உருவங்கள் வேண்டுமென்று யூனிகோட் அமைப்பிடம் முன்மொழிந்தனர். அதே ஆண்டின் முடிவுக்குள், தொழில் செய்யும் பெண்களோடு ஓடும் பெண்ணும் பட்டியலில் இடம்பெற்றாள்.

படத்தில் நிகழ்ந்த இத்தாமதம் ஓட்டப் பந்தயத் திடலிலும் முன்னரே நிகழ்ந்ததுதான். 1896 ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் விழாவில் பெண்கள் போட்டியிடவில்லை. மெய்வல்லுநர் போட்டிகளில் அவர்களுக்கு இடம் கிடைத்தது 1928 இல், அம்ஸ்டர்டாம் நகரில். அங்கு 800 மீற்றர் ஓட்டத்தில் ஜேர்மனியைச் சேர்ந்த லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 செக்கனில் ஓடி வென்றார். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பெண்களும் எல்லையை அடைந்தனர். ஆயினும் பெண்கள் பலர் களைத்து விழுந்தனர் என்று பத்திரிகைகள் சில மிகைப்படுத்தி எழுதின. அவ்வோட்டம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. 1960 இல் ரோம் நகரிலேதான் அது மீண்டும் நடைபெற்றது. முப்பத்திரண்டு ஆண்டுகள்!

மரதன் ஓட்டத்தின் கதையும் இத்தகையதே. 1966 இல் அமெரிக்காவின் பொஸ்டன் மரதனிலே பொபி கிப் என்ற பெண், இலக்கம் எதுவுமின்றி, புதரருகே மறைந்து நின்று ஓட்டக்காரருடன் கலந்துகொண்டு முழுத் தூரத்தையும் ஓடி முடித்தார். மறு ஆண்டு கத்ரின் சுவிட்சர் என்பவர் தம் முதலெழுத்துக்களை மாத்திரம் குறித்துப் பதிவு செய்து, 261 என்ற இலக்கத்தை அணிந்து ஓடினார். இடைவழியில் அலுவலர் ஒருவர் பாய்ந்து அவ்விலக்கத்தைப் பறிக்க முயன்றார். அவரோ ஓட்டத்தை நிறுத்தவில்லை. பொஸ்டனில் பெண்கள் முறைப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டது 1972 இல். ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மரதன் முதன்முதலாக நடந்தது 1984 இல், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில். அமெரிக்காவின் ஜோன் பெனோய்ட் அதில் வென்றார்.

நம் நாட்டுப் பெண்ணொருத்தியின் ஓட்டத்தையும் இங்கு நினைவுகூர்தல் தகும். 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தவர் சுசந்திகா ஜயசிங்க. முதலிடம் பெற்றவர் ஊக்கமருந்து பாவித்ததை 2007 இல் ஒப்புக்கொண்டு பதக்கத்தை இழந்தார். அதனால் 2009 இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று.

இன்று படத்தின் நிலை சீர்ப்பட்டுவிட்டது. 2016 இலேயே ஓடும் ஆணுக்கும் பெண்ணைப் போன்றே ஒரு பாற்குறி சேர்க்கப்பட்டது. 2019 அளவில் முன்னணி நிறுவனங்கள் குறி சேராத உருவத்தை ஆணென்றும் பெண்ணென்றும் சொல்லாத பொதுத் தோற்றத்தில் வரையத் தொடங்கின. ஓடுபவன், ஓடுபவள், ஓடுபவர் என்று தமிழில் வழங்கும் மூன்றும் இவ்வாறு படத்திலும் அமைந்தன. பெண்ணுக்கு மட்டும் விகுதி, ஆணுக்கு அது வேண்டியதில்லை என்ற நிலை மாறியதே இங்கு கருதத்தக்கது.

ஓடாத ஓட்டங்கள்

இனி, நாளாந்த வழக்கிற்கு வருவோம். காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடியவள் தோழியருக்கு இப்படத்தை அனுப்பினால், அது நேர்ப்பொருளைத் தருகிறது. ஆனால் இதனை அனுப்புவோருட் பெரும்பாலார் அவ்வேளையில் ஓடுவதில்லை. நாற்காலியில் அமர்ந்தவாறே, ‘இதோ வந்துவிட்டேன்’ என்பதற்கு இதனை அனுப்புவர். உரையாடலை முடித்துக்கொள்ள, ‘நேரமாயிற்று, போய் வருகிறேன்’ என்பதற்கும் இதுவே. ‘பாத்திரம் கழுவ யார் வருகிறீர்கள்?’ என்று அக்கா கேட்க, தங்கை இப்படத்தை மாத்திரம் அனுப்பினால், அது நழுவியோடும் குறும்பு. அலுவலகம், அடுப்படி, பிள்ளைகளின் பாடசாலை என்று ஓய்வின்றி அலையும் தாய் தன் நாளைப் பற்றி இதனை அனுப்பினால், அது களைப்பு. அருகில் புழுதிப் படலம் போன்ற மற்றொரு குறியையும் வைத்தால் வேகம் மிகுகிறது.

தமிழில் ‘ஓடுதல்’ என்ற சொல்லும் இவ்வாறே பல பொருளுக்கு இடமளிக்கிறது. மணிக்கூடு ஓடுகிறது; ஆறு ஓடுகிறது; காலம் ஓடுகிறது; குடும்பம் எப்படியோ ஓடுகிறது. கடையில் வியாபாரம் ஓடுகிறது என்பர். திரைப்படம் நூறு நாள் ஓடியது என்பர். ஆகவே, ஓடும் படத்தைக் கண்டு பல பொருள் கொள்வது நமக்குப் புதுமையன்று.

இன்னொரு நுட்பமும் உண்டு. பெரும்பாலான கருவிகளில் அவள் இடப்புறம் நோக்கியே ஓடுகிறாள். நாமோ இடமிருந்து வலமாக எழுதுகிறோம். அவளுக்கு வலப்பக்கம் வீட்டின் படத்தை வைத்தால், ‘வீட்டுக்கு ஓடுகிறேன்’ என்று எழுதியவர் எண்ணுவார். படத்திலோ அவள் வீட்டிற்கு முதுகு காட்டி ஓடுகிறாள்! இக்குறை நீங்க, வலப்புறம் நோக்கி ஓடும் உருவமும் 2023 இல் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அது வாராத கருவியை வைத்திருப்போர், வீட்டை அவளுக்கு இடப்பக்கம் வைத்தலே முறை.

இரவு வேளையில் ஒரு படம்

இவையெல்லாம் விளையாட்டாய்ப் போகும் வரை கவலையில்லை. ஆனால் ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். கொழும்பிலே தங்கிப் படிக்கும் மகளுக்கு, வன்னியிலுள்ள தாய் இரவு எட்டு மணிக்கு, ‘எங்கே நிற்கிறாய் பிள்ளை?’ என்று செய்தி அனுப்புகிறாள். மகள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க விரைகிறாள். சொல் எழுத நேரமில்லை. ஓடும் பெண்ணின் படத்தை மாத்திரம் அனுப்பிவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். சன நெரிசலில் கைத்தொலைபேசி மணி அவள் காதில் விழவில்லை.

தாய் அப்படத்தைப் பார்க்கிறாள். மகள் பழகிய உலகில் ஓட்டம் என்றால் அவசரம், விளையாட்டு, தேகப்பயிற்சி. தாய் வாழ்ந்த உலகில் ஓட்டத்திற்கு வேறு பொருள் உண்டு. குழந்தையை இடுப்பிலும் பொட்டலத்தைத் தலையிலும் சுமந்து ஊர் ஊராய் இடம்பெயர்ந்து ஓடியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அத்தகைய தாய்க்கு, ஓடும் பெண்ணின் முன்னே பஸ் தெரிவதில்லை. அவளைத் துரத்தும் ஏதோ ஒன்று பின்னே தெரிகிறது. மகள் அறைக்குச் சென்று பதில் எழுதும் வரை, அந்த ஒரு மணி நேரம் தாய்க்கு ஒரு யுகம். ‘பஸ்ஸுக்கு’ என்ற ஒரே சொல் படத்தின் அருகே நின்றிருந்தால் அவ்வேதனை நேர்ந்திராது.

இதிலே பிழை படத்தினுடையதன்று; தாயினுடையதும் அன்று. படம் சொல்லாது விட்டதை அவரவர் தம் வாழ்க்கையிலிருந்து எடுத்து நிரப்புகின்றனர். ஒரே வீட்டில் வாழ்வோரின் வாழ்க்கையும் ஒன்றாக இருப்பதில்லை.

ஆகையால் இச்சித்திரங்களை விலக்கவேண்டும் என்று நாம் கூற வரவில்லை. தமிழரும் சிங்களவரும் ஒருவர் மொழியை மற்றவர் முழுதும் அறியாவிடினும், ஒரு படத்தைக் கண்டு சேர்ந்து சிரிக்க முடிகிறது. எழுத்துக் கூட்டத் தடுமாறும் பாட்டனாரும் பேத்திக்கு ஒரு விரலால் வாழ்த்தனுப்ப முடிகிறது. இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆயினும் நேரம், இடம், உடல்நலம், பாதுகாப்பு என்பன பற்றிய செய்திகளில் படம் சொல்லுக்குத் துணையாக நிற்கட்டும். சொல்லின் இடத்தைப் பிடிக்க வேண்டாம். இளைஞர் தம் பெற்றோருக்கு அனுப்பும்போது ஒரு வினைமுற்றையேனும் உடன் எழுதுவாராக. பெற்றோரும் பொருள் விளங்காத படம் வந்தால், உள்ளத்துள் ஒரு கதையைக் கட்டிக் கலங்காமல், ‘இதற்கு என்ன கருத்து?’ என்று கேட்கத் தயங்கலாகாது.

ஓடும் பெண்ணுக்கு விகுதி கிடைக்க ஆறு ஆண்டுகள் சென்றன. காலம் காட்டும் இடைநிலையை அவளுக்கு எவரும் இன்னும் வழங்கவில்லை. அதனை வழங்க வேண்டியவர்கள் அனுப்புகின்ற நாமே. ‘வருகிறேன்’ என்று எழுதுவதற்கு ஒரு கணம் போதும். அதற்காகக் காத்திருப்பவர்களுக்கு அதுவே பெரிது.