பிளாஸ்டிக் பசுமைதான்... அதைக் கரைக்கும் திரவம்?

சோளம், கரும்பிலிருந்து கிடைக்கிற பிளாஸ்டிக்னு சொல்லித்தான் 3டி பிரின்டருக்கு பி.எல்.ஏ இழையை வாங்கியிருப்பீங்க. சுமார் 200 டிகிரி செல்சியஸில் உருகி, அடுக்கடுக்காகப் படிந்து போன் ஸ்டாண்டாக வந்து நிற்கும். அதுவரை கரைப்பானுக்கு வேலையே இல்லை.

சிக்கல் அதற்கப்புறம்தான். வரி வரியான தடம் மறையணும், உடைந்த துண்டை ஒட்டணும்னா பலர் தேடுவது டைகுளோரோமீத்தேன். நல்லாவே கரைக்கும். 40 டிகிரியிலேயே கொதிப்பதால் சட்டென ஆவியாகும். அந்த ஆவியைத்தான் நீங்க சுவாசிக்கிறீங்க! மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் இது இருக்கிறது. 2024-ல் அமெரிக்கா இதன் வீட்டுப் பயன்பாட்டுக்குத் தடை விதித்தது.

அசிட்டோன்? அது ஏ.பி.எஸ் பிளாஸ்டிக்குக்கு ஏற்றது, பி.எல்.ஏ-வில் பெரிதாக எடுபடாது.

ஓரளவு நல்ல மாற்று, எத்தில் அசிட்டேட். பல நெயில் பாலிஷ் ரிமூவர்களில் இருப்பதுதான். நச்சுத்தன்மை குறைவு. நொதித்தலில் கிடைக்கும் எத்தனால், அசிட்டிக் அமிலத்திலிருந்தே தயாரிக்கலாம். ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும். எல்லா பிராண்டு இழையிலும் ஒரே பலன் கிடைக்காது. எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் சூடாக்கவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைங்க, கையுறை போடுங்க.

வெறும் அழகுக்காகத்தான் என்றால் கரைப்பானே வேண்டாம். தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் மெதுவாகத் தேயுங்க. 60 டிகிரியிலேயே பி.எல்.ஏ இளகும், அதனால் அவசரம் வேண்டாம். கை கொஞ்சம் வலிக்கும், நுரையீரல் தப்பிக்கும்.