ஓட்டம் குறைவு, செலவு அதிகம்

வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பள்ளிவாசலுக்கு, பின்னேரம் பிள்ளைகளை ஏற்றிவர. ஹல்துமுல்லையில் என் காரின் ஓட்டம் இவ்வளவுதான். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு கிலோமீற்றர். மீற்றர் ஏறவில்லையே என்று ஒயில் மாற்றுவதையும் பிற்போட்டு வந்தேன். ஒருநாள் கராஜில் ஒயில் மூடியைத் திறந்தால் அடியில் பாலாடை போல ஒட்டியிருந்தது. ஹெட் கேஸ்கட் போய்விட்டதோ என்று பயந்தேன். ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை, காரணம் வேறு.

பெற்றோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடாகுமுன் நிறுத்தினால் அது தண்ணீராகி ஒயிலோடு கலக்கிறது. எரியாத பெற்றோலும் சேர்ந்து ஒயிலை நீர்த்துவிடும். சைலன்சரில் தங்கும் தண்ணீர் உள்ளிருந்தே துருவாக்கும். ஸ்டார்ட்டுக்குப் போன மின்சாரத்தை பெற்றரி மீட்கவும் நேரம் போதாது. நம் மலைக்குளிரில் இவை இன்னும் அதிகம்.

2020இல் நிறுத்திய கார் இறக்குமதி 2025இல் திறந்தாலும், வரியோடு வரும் விலை நம்மில் எத்தனை பேருக்குக் கட்டும்?

இப்போது மீற்றரைப் பாராமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றுகிறேன். சரக்கெடுக்க வாரம் ஒருமுறை பெரகலை ஏறி ஹப்புத்தளைக்குப் போகிறேன். வாசலில் நிறுத்தி வைத்துச் சூடாக்குவது வீண் பெற்றோல். பள்ளிவாசலுக்கு நடைதான்.