கடனைக் கட்டும்போதும் மறையாத குறி

கொட்டாஞ்சேனையில் முச்சக்கர வண்டி ஓட்டும் ஒருவர் வங்கிக்குக் கடன் கேட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "உங்கள் பெயர் கிறிப்பில் இருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டோம், இனிக் கட்டி என்ன பயன் என்று அவர் மனம் சோர்கிறார். இந்தச் சோர்வே பலரை மேலும் கடனுக்குள் தள்ளுகிறது.

கிறிப் எனப்படுவது இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. மத்திய வங்கியும் கடன் வழங்கும் நிறுவனங்களும் அதன் பங்குதாரர்கள். ஒழுங்காகக் கட்டுபவர்களின் பெயரும் அங்கே உண்டு. ஆகவே பெயர் இருப்பது குற்றமல்ல. பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதே கேள்வி. கடன் தருவதா மறுப்பதா என்பதைத் தீர்மானிப்பதும் வங்கியே, பணியகமல்ல. 2020இல் கொவிட் நிவாரணக் கடன்கள் வழங்கப்பட்டபோது, பாதகமான கிறிப் பதிவை மட்டும் காரணங்காட்டி விண்ணப்பத்தை மறுக்கலாகாது என்று மத்திய வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது.

"மாதாமாதம் கட்டுகிறேன், ஆனாலும் நிலுவை என்றே காட்டுகிறது" என்பது பலருடைய முறைப்பாடு. கணக்கைப் பாருங்கள். மாதத் தவணை 20,000 ரூபா, மூன்று மாதம் தவறிவிட்டது, நிலுவை 60,000. நாலாம் மாதத்திலிருந்து அவர் தவறாமல் 20,000 கட்டுகிறார். ஆனால் ஒவ்வொரு மாதமும் புதிய தவணையும் வந்து சேர்கிறதே! பழைய 60,000 அசையாமல் நிற்கிறது; தாமத வட்டி வேறு சேர்கிறது. அறிக்கையும் மூன்று மாத நிலுவை என்றே சொல்லும். அது பொய்யல்ல. மாதம் 25,000 கட்டினால், தாமத வட்டியை விட்டுப் பார்த்தாலும், நிலுவை தீர ஒரு வருடம் செல்லும். அதற்கு வசதியில்லாதவர் ஒளிந்து திரியாமல் முகாமையாளரைச் சந்தித்து, தவணைகளை மாற்றியமைக்கும்படி எழுத்தில் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்பி வந்துவிடக் கூடாது.

முழுவதும் கட்டி முடித்தபின் கடன் 'தீர்க்கப்பட்டது' என்று மாறும். ஆனால் முன்பு தவறிய மாதங்களின் வரலாறு உடனே அழியாது. வங்கி ஒரு கடனை அறவிட முடியாததெனப் பதிவழித்தாலும், அது மன்னிக்கப்பட்டதாகாது, கடன் கடனே.

ஒவ்வொருவரும் தமது அறிக்கையைத் தாமே கேட்டுப் பெறலாம். பிழை இருந்தால், அந்தத் தகவலை அனுப்பிய நிறுவனமே திருத்தி அனுப்ப வேண்டும். பணியகம் தானாக மாற்றாது. கட்டிய பற்றுச்சீட்டுகளையும் கடன் தீர்ந்ததற்கான கடிதத்தையும் பத்திரமாக வைத்திருப்பது இதற்காகத்தான். "கிறிப்பைச் சுத்தப்படுத்தித் தருகிறோம்" என்று பணம் கேட்கும் தரகர்களால் உண்மையான பதிவு ஒன்றையும் அழிக்க முடியாது. அந்தப் பணத்தை நிலுவைக்குக் கட்டுங்கள்.

இன்னொன்று, பிணை. ஊரிலிருந்து வந்த உறவினருக்காக வெள்ளவத்தையில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடுவது நமக்குள் சாதாரணம். பூசை முடிந்து கோவில் வாசலிலேயே படிவத்தை நீட்டுபவர்களும் உண்டு. பிணை நின்ற கடனும் உங்கள் அறிக்கையில் வரும். கையொப்பமிட்டவர் ஆறு மாதத்துக்கொரு முறையாவது அந்தக் கடன் எந்நிலையில் உள்ளது என்று விசாரிப்பது நல்லது. உறவினர் கோபித்தாலும் பரவாயில்லை.